அரியர் முதல் அரியமங்கலம் வரை: ஒரு 'க்ளியர்' புராணம்

தில்லை நகரில் முதல் கிராஸில் ஆரம்பித்து பதினோராவது கிராஸ் வரை காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை நடந்தால், அதிகமாகக் காதில் விழும் ஆங்கில வார்த்தை எது? 'ஓகே', 'சூப்பர்', 'சாரி' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் சத்தமே இல்லாமல் எல்லா இடத்திலும் நுழைந்திருக்கிற வார்த்தை ஒன்று உண்டு. 'க்ளியர்'.

டீக்கடையில், "அரியர் எல்லாம் க்ளியர் பண்ணிட்டியா மாப்ள?" வங்கியில், "சார், செக் க்ளியர் ஆயிடுச்சா?" டாக்டரிடம் (தில்லை நகரில் நாலு வீட்டுக்கு ஒரு டாக்டர் போர்டு இருப்பது ஊரறிந்த விஷயம்), "மோஷன் க்ளியரா போகுதாம்மா?" ஜவுளிக்கடை பேனரில் 'ஸ்டாக் க்ளியரன்ஸ்'. சிக்னலில் போலீஸ்காரர், "வண்டிய எடுப்பா, ரோட்ட க்ளியர் பண்ணு". துபாய் போகிற அண்ணனுக்கு 'போலீஸ் க்ளியரன்ஸ்' சர்டிபிகேட். அப்பா போனைக் கேட்டால், கொடுப்பதற்கு முன் அவசரமாக 'ஹிஸ்டரி க்ளியர்'. :-)

இத்தனைக்கும் ஒரே வார்த்தை. வேண்டாதது ஒன்று இருக்கிறது, அது போய்விட்டது, இப்போது நிம்மதி. அவ்வளவுதான் இதன் அர்த்தம் என்று தோன்றும். ஆனால் எது வேண்டாதது, யாருக்கு வேண்டாதது, அது எங்கே போனது என்று மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தால் இந்த வார்த்தை கொஞ்சம் வழுக்குகிறது. அந்த வழுக்கலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் அகராதி. 'க்ளியர்' லத்தீனில் 'க்ளாரஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் பழைய பொருள் வெளிச்சமானது, பளிச்சென்று தெரிவது. வானம் க்ளியராக இருக்கிறது, தண்ணீர் க்ளியராக இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பழைய பொருள்தான். தமிழில் 'தெளிவு' என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதே. மறைப்பதை எடுத்தால்தானே வெளிச்சம் வரும்? அதனால் நாளடைவில் 'எடுத்துவிடுதல்' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. பார்ப்பதற்காக எடுப்பது என்பது போய், எடுப்பது மட்டும் மிச்சமாகிவிட்டது.

அந்தப் பழைய பொருளில் நடந்த ஒரு 'க்ளியர்' வேலைக்கு ஸ்ரீரங்கம் கோயிலைச் சொல்லலாம். 2015 குடமுழுக்குக்கு முன்னால் நடந்த திருப்பணியில், பிற்காலத்தில் அங்கங்கே எழுப்பிய கட்டுமானங்களை அகற்றினார்கள். அடைபட்டுக் கிடந்த பழைய மழைநீர் வடிகால்கள் மீட்கப்பட்டன. 2017ல் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான யுனெஸ்கோ மரபுப் பாதுகாப்பு விருது இதற்குக் கிடைத்தது. அங்கே எடுத்தது எதையோ மறைப்பதற்காக அல்ல, மறைந்திருந்ததைப் பார்ப்பதற்காக. வார்த்தைக்கு நியாயம் செய்த வேலை.

அரியருக்கு வருவோம் (வகுப்புத் தோழர்கள் இதற்காகத்தான் காத்திருப்பார்கள்). அரியர் என்றால் பாக்கி. பாக்கியை அடைத்தால் க்ளியர். அடைப்பதற்குப் பரீட்சை எழுத வேண்டும் என்பதுதான் காலங்காலமான ஏற்பாடு. 2020 ஆகஸ்டில் கொரோனாவைக் காரணம் காட்டி, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் எல்லாம் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. அன்றைய முதல்வருக்கு மாணவர்கள் வைத்த பேனர்களும் மீம்களும் சரித்திரத்தில் இடம்பெறத் தக்கவை. ஏ.ஐ.சி.டி.இ. ஆட்சேபித்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2021ல் பரீட்சையே வைக்காமல் தேர்ச்சி என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதாவது, பட்டியலிலிருந்து பெயரை அழிப்பது ஒரு க்ளியர், படித்து எழுதி முடிப்பது வேறு க்ளியர் என்று நீதிமன்றமே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருந்ததுதான் குழப்பத்துக்குப் பாதிக் காரணம். மீதிக் காரணம் எம்-3.

செக் விஷயம் இதற்கு நேர்மாறு. செக் 'க்ளியர்' ஆகும்போது எதுவுமே தூக்கி எறியப்படுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் வங்கி குமாஸ்தாக்கள் ஒவ்வொரு வங்கியாக அலைவதற்குப் பதில் ஒரே இடத்தில் கூடி, "நீ எனக்குத் தரவேண்டியது இவ்வளவு, நான் உனக்குத் தரவேண்டியது இவ்வளவு" என்று கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கொடுத்தார்கள். அதுதான் க்ளியரிங். 2025 அக்டோபர் முதல் இந்தியாவில் செக்குகளை நாள் முழுக்கத் தொடர்ச்சியாக க்ளியர் செய்கிற முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. இந்த வகை க்ளியரில் ஒரு நேர்மை இருக்கிறது. ஒரு கணக்கிலிருந்து போன ஒவ்வொரு ரூபாயும் இன்னொரு கணக்கில் போய் விழுந்தே ஆகவேண்டும். "போச்சு, அவ்வளவுதான்" என்று கையை விரிக்க முடியாது.

குப்பைக்கும் மனிதர்களுக்கும் இந்த மாதிரி ஒரு வரவு செலவு கணக்கு இருந்தால் எப்படி இருக்கும்?

இங்கே தமிழைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழில் வாசலைக் 'கூட்டு' என்கிறோம், 'பெருக்கு' என்கிறோம். கூட்டல், பெருக்கல்! குப்பையை வெளியே தள்ளுகிற வேலைக்கு, சேர்ப்பதையும் பெருகுவதையும் குறிக்கிற வார்த்தைகள். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பில்லை. துடைப்பத்தால் செய்கிற வேலை உண்மையில் சிதறிக் கிடப்பதை ஒன்று சேர்ப்பதுதான். குப்பை இல்லாமல் போவதில்லை, ஒரு மூலையில் கூடுகிறது. கழித்தல் கணக்குக்குப் பிறந்தது 'கழிவு'. கழித்தால் மீதி வரும் என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். (ஆடிப்பெருக்கில் வருவதும் இதே பெருக்குதான். அம்மா மண்டபம் படித்துறையில் அன்றைக்கு ஆற்றில் விடப்படுகிற துணியும் பூமாலையும் மறுநாள் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு மட்டுமே தெரியும்.)

'அகற்று' என்றால் அகலச் செய், தூரமாக்கு. 'அப்புறப்படுத்து' என்பது இன்னும் வெளிப்படை. அப்புறம் என்றால் அந்தப் பக்கம். இந்தப் பக்கத்தில் இருப்பதை அந்தப் பக்கம் தள்ளுவதுதான் அப்புறப்படுத்துதல். ஆக, தமிழ் வார்த்தைகளில் அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பது ஒளிக்கப்படவில்லை. 'க்ளியர்' என்று சொல்லும்போதுதான் அந்தப் பக்கம் மறைந்துவிடுகிறது. சொல்பவர் கண்ணுக்கு முன்னால் காலி இடம் மட்டும் நிற்கிறது. ('காலி' கூட உருதுவிலிருந்து வந்த விருந்தாளிதான். "வீட்டைக் காலி பண்ணு" என்பதிலிருந்து "ஆளையே காலி பண்ணிட்டான்" வரைக்கும் அதுவும் நன்றாகவே உழைக்கிறது.)

திருச்சிக்கு அந்தப் பக்கம் பல வருடங்களாக அரியமங்கலமாக இருந்தது. தில்லை நகரில் காலையில் வண்டி வந்து குப்பையை எடுத்துவிட்டால் தெரு க்ளியர். தஞ்சாவூர் பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது மட்டும் அந்தக் குப்பை மறுபடி ஞாபகத்துக்கு வரும். சுமார் 47 ஏக்கர் கிடங்கு. பல பத்தாண்டுக் குப்பை மலையாகக் குவிந்து, வெயில் காலத்தில் தீப்பிடித்து, நாள்கணக்கில் புகைந்தது. புகை சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கு, சுத்தம் மற்றவர்களுக்கு. அரியமங்கலத்தில் வீடு வாடகைக்குக் கிடைக்கிறது என்று சொன்னால் "ஐயோ, அங்கயா?" என்று கேட்டவர்களின் வீட்டுக் குப்பைதான் அங்கே எரிந்தது.

சரி, அந்த மலையையே க்ளியர் பண்ண ஆரம்பித்தார்களே என்று கேட்கலாம். ஆமாம், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பயோமைனிங் வேலை தொடங்கியது. அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் 'க்ளியர்' எவ்வளவு பெரிய பொய் என்று புரியும். பழைய குப்பையைத் தோண்டி, கிளறி, காயவைத்து, பெரிய சுழலும் சல்லடையில் போட்டுச் சலிக்கிறார்கள். மக்கிய மண் ஒரு பக்கம், கல்லும் கண்ணாடியும் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம். எரியக்கூடியது சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகப் போகிறது. முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ க்ளியர் பண்ணிய ஷாம்பு பாக்கெட் அப்படியே, எழுத்து கூட அழியாமல் வெளியே வருகிறது. ஒருமுறை எறிந்ததை இன்னொருமுறை காசு கொடுத்துத் தோண்டிப் பிரிக்க வேண்டியிருக்கிறது. முதலிலேயே வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு டப்பாவில் போட்டிருந்தால் இதில் முக்கால்வாசி வேலையே இல்லை. "தனித்தனியா போடுங்கம்மா" என்று வண்டிக்கார அம்மா கத்துவதை ஒரு தொல்லையாக நினைக்கும் வீடுகள் இன்றும் எல்லா கிராஸிலும் இருக்கின்றன. அந்த அம்மாதான் உண்மையில் அந்த மலை மறுபடி வளராமல் தடுத்துக்கொண்டிருப்பவர்.

குப்பை வரைக்கும் பரவாயில்லை. இந்த வார்த்தை மனிதர்கள் மேல் பாயும்போதுதான் விவகாரம்.

காந்தி மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இட நெருக்கடி, லாரி நெருக்கடி, மழை பெய்தால் சேறு. இதை க்ளியர் பண்ண மதுரை ரோட்டுப் பக்கம் கள்ளிக்குடியில் 2017ல் ஒரு புது மார்க்கெட் திறக்கப்பட்டது. கோடிக்கணக்கில் செலவு. வியாபாரிகள் போகவில்லை. வாங்குகிறவர் அவ்வளவு தூரம் வரமாட்டார், சுமை தூக்குகிறவர் விடியற்காலையில் எப்படி வந்து சேர்வார் என்பது அவர்கள் கேள்வி. 2020 ஊரடங்கில் மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். பிறகு அது காந்தி மார்க்கெட்டுக்கே திரும்பி வந்தது. காந்தி மார்க்கெட் வியாபாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், ஓட்டு இருக்கிறது. அதனால் அவர்கள் 'க்ளியர்' ஆகவில்லை.

என்.எஸ்.பி. ரோட்டில் தரையில் கடை விரிக்கிறவருக்கு அவ்வளவு பலம் கிடையாது. மலைக்கோட்டையைச் சுற்றி பொம்மையும் பனியனும் ஹேர்க்ளிப்பும் விற்கிறவர்களை அப்புறப்படுத்துவது திருச்சியில் ஒரு வருடாந்திர உற்சவம் மாதிரி. காலையில் ஜே.சி.பி. வரும், மறுநாள் செய்தியில் 'ஆக்கிரமிப்புகள் அகற்றம்' என்று வரும், அடுத்த வாரம் கடை திரும்பவும் வரும். ஆக்கிரமிப்பு நியாயம் என்று இங்கே வாதம் இல்லை. நடக்க இடமில்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுமாறுகிற அம்மாவும், உள்ளே வாடகை கொடுத்துக் கடை வைத்திருப்பவரும் கோபப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் 2014ல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. முதலில் கணக்கெடு, கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் கிளப்பாதே, சான்றிதழ் கொடு, நகர விற்பனைக் குழு அமை, இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு கொடு என்கிறது அது. ஒரு நகரத்தின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை தெருவோர வியாபாரிகளுக்கு இடம் தரவேண்டும் என்றும் சொல்கிறது. 'க்ளியர் பண்ணு' என்கிற இரண்டு வார்த்தை உத்தரவில் இவ்வளவும் அடங்காது. அந்தச் சட்டத்தின் மொழி வேறு: கணக்கிடு, பதிவு செய், இடம் கொடு.

இன்னும் பெரிய உதாரணம் சென்னையில் இருக்கிறது. 1970ல் கலைஞர் ஆட்சியில் ஒரு வாரியம் தொடங்கப்பட்டது. ஆங்கிலத்தில் 'ஸ்லம் க்ளியரன்ஸ் போர்டு'. தமிழில் 'குடிசை மாற்று வாரியம்'. இந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் குடிசை க்ளியர் செய்யப்படுகிறது. தமிழில் குடிசை மாற்றப்படுகிறது. ஆரம்ப வருடங்களில் வாரியம் தமிழ்ப் பெயருக்குத்தான் விசுவாசமாக இருந்தது. குடிசை இருந்த அதே இடத்தில், அல்லது பக்கத்திலேயே, மாடி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். மீனவர் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தார், வீட்டு வேலை செய்கிறவர் நடந்தே வேலைக்குப் போனார். பிறகு மெல்ல மெல்ல ஆங்கிலப் பெயர் ஜெயித்தது. 2000 வாக்கில் துரைப்பாக்கம் பக்கத்தில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்கு மாடிகளுக்குக் கொண்டுபோய் இறக்கப்பட்டன. வீடு கான்கிரீட்தான், மறுப்பதற்கில்லை. வேலை, பள்ளிக்கூடம், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன.

இதற்கு ஒரு வெளிநாட்டு அண்ணன் உண்டு. ஸ்காட்லாந்தின் மலைப் பகுதிகளில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய நூறு வருடம் நிலப்பிரபுக்கள் குடியானவர்களைக் கிராமம் கிராமமாக வெளியேற்றினார்கள். ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை, ஆடு மேய இடம் வேண்டும், மனிதர்கள் இடைஞ்சல். பலர் கடற்கரைக்குத் தள்ளப்பட்டார்கள், பலர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். சரித்திரத்தில் அதன் பெயரே 'ஹைலண்ட் க்ளியரன்ஸஸ்'. நிலப்பிரபுக்கள் அதை 'மேம்பாடு' என்றுதான் சொன்னார்கள். இங்கே 1971ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலும் 'இம்ப்ரூவ்மென்ட்', 'க்ளியரன்ஸ்' இரண்டும் ஜோடியாக நிற்கின்றன. 2021ல் வாரியத்தின் பெயர் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. க்ளியரன்ஸ் போய் மேம்பாடு மட்டும் நின்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் 2022 மே மாதம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர் வீடுகள் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டபோது, அங்கே குடியிருந்த ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்துபோனார். அதன் பிறகுதான் அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கத்திலேயே வீடு தருவதாக அரசு அறிவித்தது. பக்கத்தில் தருவது முடியாத காரியம் இல்லை என்றால், ஒரு உயிர் போகும் வரை அது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

திருச்சிக்காரர்களுக்கு இது சென்னைக் கதை என்று தோன்றலாம். உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் ஒரு நாள் போய்ப் பாருங்கள். சோழர் காலத்து வாய்க்கால், பேட்டைவாய்த்தலையிலிருந்து ஊருக்குள் புகுந்து வருகிறது. கரையில் இருக்கும் சின்ன வீடுகள் 'ஆக்கிரமிப்பு' என்று உடனே கண்ணில் படும். அதே வாய்க்காலில் வந்து விழுகிற பெரிய பெரிய கட்டடங்களின் சாக்கடைக் குழாய் அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாது. குடியிருப்பை இடிக்க ஒரு நாள் போதும். குழாயைத் தேடிப் பிடித்து அடைக்கத்தான் பொறுமை வேண்டும். எது முதலில் 'க்ளியர்' ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி, க்ளியர் பண்ணுகிறவர்கள். இந்த வார்த்தையில் செய்கிறவர் பெயரும் காணாமல் போகிறது. "அடைப்பு க்ளியர் ஆயிடுச்சு" என்றால் தானாக ஆன மாதிரி இருக்கிறது. 1993லேயே மலம் அள்ள ஆளை வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. 2013ல் இன்னும் கடுமையாக, பாதுகாப்பு இல்லாமல் யாரையும் பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கக்கூடாது என்று இன்னொரு சட்டம். 2014ல் உச்ச நீதிமன்றம், இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது என்றால், சாவு நிற்கவில்லை என்றுதான் அர்த்தம். நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் இந்த மரணங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருப்பது யாரும் பேனர் வைக்காத சாதனை. விஷ வாயு எப்படிக் கொல்கிறது என்பது வேதியியல் மாணவனுக்குத் தெரியும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்ப வாடை இல்லண்ணே, க்ளியராயிடுச்சு" என்று நினைத்து இறங்குகிற நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே வருவது இதனால்தான்.

இவர்களுக்கு இருந்த பெயரையும் மாற்றினார்கள். 'துப்புரவுப் பணியாளர்' என்பது 2020ல் 'தூய்மைப் பணியாளர்' ஆனது. துப்புரவு என்பது ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. வறுமையைப் பற்றிய நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவர் துப்புரவு என்று சொல்வது, மனிதர் உண்டு அனுபவிக்க வேண்டிய பொருள்களை. அது இல்லாதவர்தான் அங்கே ஏழை. அவ்வளவு நல்ல சொல்லைச் சாக்கடையோடு சேர்த்துச் சேர்த்து, சொன்னாலே முகம் சுளிக்கிற மாதிரி ஆக்கியது யார்? தூய்மைக்கும் அதே கதி வர எத்தனை வருடம் ஆகும்? பெயரோடு சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் சேர்ந்து மாறியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

2025 ஆகஸ்ட் 1 அன்று சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகைக்கு வெளியே உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கொரோனா காலத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது தெருவில் நின்றவர்களும், வெள்ளம் வந்த ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் நடைபாதையில் இருந்தார்கள். நடைபாதை பொதுமக்களுக்கு வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போய், அகற்ற உத்தரவு வந்தது. 13ஆம் தேதி நள்ளிரவு போலீஸ் வந்து அவர்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் செய்திகளில் எல்லாம் அவர்கள் 'அப்புறப்படுத்தப்பட்டார்கள்'. விடிந்தபோது ரிப்பன் மாளிகை வாசல் க்ளியராக இருந்தது.